நிசார் நானா சோதித்துவிட்டுத்தான் கை வைத்தார்

இதைப் படிக்கிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை பத்து மணி தாண்டும் வரை தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் தோட்டத்தில் யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் வீட்டில் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிசார் நானாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பதுளையில் அவரோடு பழகிய கடைக்காரர்கள், எங்கள் தோட்டத்தில் அவர் வயரிங் செய்துகொடுத்த புது வீட்டுக்காரர்கள், எல்லோருக்கும் மேலாக அவருடைய மனைவி. அண்ணனை நானா என்கிற மாதிரி, அக்கா முறையில் அவரை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். ராத்தா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கான பதிலை நான் இன்னும் சொல்லவில்லை.

செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கூடையைக்கூட இறக்காமல் வாசல் இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தாள். நானா வழக்கமாகச் சாமான் வாங்கும் ஹார்ட்வெயார் கடையிலிருந்து போன் வந்ததாம். "நானா மௌத்தாயிட்டாராம். அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கமாம்" என்றாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தேறிவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா வரவில்லை. புது வீட்டில் சீமெந்து கிடக்கிறது, காவல் இருக்க வேண்டும் என்றார். அம்மாவும் நானும் பண்டாரவளையில் பஸ் மாறிப் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் எல்லோரும் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

உள் அறையில் பெண்களுக்கு நடுவில் ராத்தா வெள்ளைச் சீலையோடு உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகள், நீங்கதானே கிட்ட நின்ட. டெஸ்டர் வெக்காம கை வெச்சிட்டாருன்டு எல்லாரும் சொல்றாங்க. முப்பது வருசம் கரண்டு வேல செஞ்ச மனுசன். அவரு அப்படிச் செய்வாரா?"

அம்மா என் முழங்காலை மெல்ல அழுத்தினாள். நான் தரையில் இருந்த பாயின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

ராத்தாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். ஆனால் நானா எப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் அந்தப் பதிலைச் சொன்னால் சரியாக இருக்காது.

எங்கள் தேயிலைத் தோட்டம் பூனாகலைக்கு மேலே இருக்கிறது. நாங்கள் இருப்பது ஏழாம் நம்பர் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் நாலாவது காம்பரா. போன வருசம் லயத்துக்கு மேலே உள்ள சரிவில் வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் காணி கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கடைசித் துண்டு. சுவர் எழும்பி, கூரை போட்ட பிறகுதான் கரண்டு பற்றி அப்பா யோசித்தார். வயரிங் செய்து, அது சரி என்று அனுமதி உள்ளவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் கரண்டு ஆபீஸில் விண்ணப்பத்தை எடுப்பார்கள். அப்படித்தான் நிசார் நானா எங்கள் சரிவுக்கு வந்தார். முதல் நாள் கையில் எந்தச் சாமானும் இல்லை. கடைசிக் கரண்டுக் கம்பத்தின் அடியிலிருந்து எங்கள் வாசல் வரை ஒரு நீள நாடாவைப் பிடித்துக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினார். கரண்டு ஆபீஸ் விடுகிற வயர் எங்கள் வீட்டுக்கு எட்டாது என்று தெரிந்தது. நடுவில் ஒரு கம்பம் நட வேண்டும். அது நிற்கப்போகிற இடம் தோட்டத்துத் தேயிலை. அதனால் தோட்டத்து மேனேஜர் துரையிடம் கடிதம் வாங்க வேண்டும். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. நானா வாசற்படிக் கல்லில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, கம்பம் கேக்குறது பொண்ணு கேக்குற மாதிரி. ரெண்டு தரம் வெறுங்கையோட திரும்பி வரணும். மூணாந்தரம் அவங்களே டீ குடுப்பாங்க."

உண்மையில் மூன்று தரத்துக்கும் மேலேயே நடந்தோம். அதில் ஒரு நடை என்னால். விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். ஒரு இடத்தில் லைன் நம்பர், கம்பத்து நம்பர் என்று கேட்டிருந்தது. பேச்சில் லயத்தை நாங்கள் லைன் என்றுதான் சொல்வோம், அதனால் நான் யோசிக்கவே இல்லை. லைன் ஏழு, காம்பரா நாலு என்று அழகான எழுத்தில் எழுதிவிட்டேன். எங்கள் சரிவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆபீஸிலிருந்து வந்தவர்கள் ஏழாம் லயத்துக்குப் போய், நாலாவது காம்பராவில் ஏற்கெனவே மீட்டர் ஓடுவதைப் பார்த்து, இங்கே கரண்டு இருக்கிறது என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா என்னை அடிக்காத குறை. நானா தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வரும் வரை சிரித்தார்.

"மகளுக்கு ஏசாதீங்க. நான் பாத்துட்டுத்தானே கையெழுத்து வெச்ச. ஒங்கட லைன் ஒன்டு, எங்கட லைன் ஒன்டு. ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சது வெள்ளக்காரன்ட பிழை. அவனுக்குப் போய் ஏசுங்க."

அடுத்த நாளே கம்பத்தில் பெயின்ட் அடித்திருந்த நம்பரை அவரே பார்த்து எழுதிக்கொண்டு போய்ப் புது விண்ணப்பம் கொடுத்தார். ஆபீஸில் யார் பிழை என்று கேட்டதற்குத் தன்னுடையது என்று சொன்னதாகப் பிறகு அம்மாவுக்குத் தெரியவந்தது.

அவருடைய டெஸ்டரைப் பற்றி எங்கள் சரிவில் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் பிடி போட்ட சின்ன டெஸ்டர், கரண்டு இருந்தால் உள்ளே விளக்கு எரியும், சட்டைப் பையில் பேனா மாதிரி நிற்கும். சுவிட்சைத் தானே அணைத்துவிட்டு, அதே இடத்தில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். பார்த்த பிறகு, பக்கத்தில் நிற்பவரிடமும் ஒரு தரம் கேட்பார். எங்கள் வீட்டைக் கட்டிய மேசன் பாஸ் மருதமுத்துவுக்கு அது பெரிய வேடிக்கை. ஒரு நாள் சாரத்தின் மேலிருந்தபடி, நானா கல்யாணத்துக்கு முன்னே ராத்தாவையும் டெஸ்டர் வைத்துத்தான் பார்த்தாரா என்று கேட்டார். நானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்தேன் பாஸ். நல்லா எரிஞ்சிச்சு. அதுதான் இன்டைக்கும் கேட்டுட்டுத்தான் கிட்டப் போற" என்றார். அன்று முழுவதும் பாஸ் சாந்து குழைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். ராத்தா இதைப் படித்தால் கோபப்பட வேண்டாம். உங்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் முகம் அப்படி மலர்ந்திருக்கும்.

பாஸ் சிரித்து அடங்கிய பிறகு, எதற்கு இவ்வளவு பயம் என்று கேட்டார். நானா சொன்னதை நான் மறக்கவில்லை. "பயம் இல்ல பாஸ். சுவிட்ச அணைச்சன்டு என்ட வாய்தான் சொல்லுது. என்ட வாயையே நான் நம்புறதில்ல."

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. துரையின் கடிதம் வரத் தாமதமானது. பாஸுக்குக் கல் வெட்டுகிற மெசினுக்குக் கரண்டு வேண்டியிருந்தது. அப்பா லயத்தில் எங்கள் காம்பராவிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து, தேயிலைச் செடிகளின் மேலாகவே கொண்டுவந்து, மீட்டர் வரப்போகிற இடத்தில் தொங்கிய வீட்டு வயரோடு முறுக்கிவிட்டார். நானா வந்து பார்த்ததும் பையைக் கீழே வைக்கவில்லை. கழற்றினால்தான் படியேறுவேன் என்று சொல்லி வாசலிலேயே நின்றார். அப்பா இரண்டு நாளைக்கு மட்டும் என்று சொல்லிப் பார்த்தார்.

"தம்பி, கொழுந்து எடுக்குற பொம்பளைங்க இதுக்குள்ளதானே நடக்குறாங்க. இங்க ஆள் சாக மழ வேணும்ன்டு இல்ல. காலம்பற மூடுற பனி போதும்."

அப்பா கழற்றினார். நானா லயம் வரை இறங்கிப் போய், பிளக்கைப் பிடுங்கியிருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்து வேலையைத் தொடங்கினார்.

இனிமேல் எழுதப்போவதுதான் ராத்தாவுக்கான பதில்.

அந்தச் சனிக்கிழமை நானா வயரிங்கை முடித்து, சரி பார்த்து எழுதிக்கொடுக்க வருவதாக இருந்தது. விடியற்காலையில் அப்பா அந்த வயரை மறுபடியும் இழுத்து முறுக்கினார். பாஸுக்குக் கொஞ்சம் வேலை மிச்சம் இருந்தது. நானா வருவதற்குள் கழற்றிவிடலாம் என்று என்னிடம் சொன்னார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தது நான். எட்டு மணி போல லயங்களில் கரண்டு நின்றுவிட்டது. மெசின் ஓடாது என்றதும் பாஸ் கதவுப் பிணைச்சல் வாங்கப் பண்டாரவளைக்குப் போய்விட்டார். அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலைக்கு வேலைக்குப் போய்விட்டார். எல்லாமே நின்றுபோயிருந்ததால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது அவருக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை.

பத்து மணிக்கு மேல் நானா வந்தார். பதுளையில் கரண்டு இருந்திருக்கிறது. எங்கள் பக்கம் நின்றது அவருக்குத் தெரியாது. நான் தேநீர் கொண்டுபோனேன். ஏணியை வைத்து ஏறி, முறுக்கியிருந்த வயரைப் பார்த்து, "ஒங்கட வாப்பா திருந்த மாட்டாரு" என்று சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வைத்தார். எரியவில்லை. இன்னொரு முனையிலும் வைத்தார். எரியவில்லை. அப்படியும் கை வைக்காமல், வழக்கம்போலக் கீழே குனிந்து என்னைக் கேட்டார்.

"மகள், லைன்ல ஒன்டும் இல்லதானே?"

நான் திரும்பி லயத்தைப் பார்த்தேன். ஒரு வீட்டிலும் ரேடியோச் சத்தம் இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் எப்போதும் எரியும் பல்பும் எரியவில்லை.

"லைன்ல இல்ல நானா" என்றேன்.

அவர் கேட்டது அந்த வயரை. வயரின் மறுமுனை கழற்றியிருக்கிறதா என்று கேட்டார். நான் சொன்னது லயத்தை. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னோம். என்னை மாதிரி லயத்தில் பிறந்த ஒருத்தியைத் தவிர வேறு யாராவது கீழே நின்றிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

அவர் வயரைப் பிரிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழே ஏழாம் லயத்தில் எல்லா ரேடியோவும் ஒரே நேரத்தில் பாடத் தொடங்கின. அந்தச் சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஏணி சரிந்த சத்தம்.

பக்கத்துக் காணிக்காரர்கள் ஓடிவந்து அவரைத் தூக்கி லொறியில் ஏற்றினார்கள். அப்பாவும் மலையிலிருந்து ஓடிவந்தார். லொறி திரும்புவதற்குள் லயத்துக்கு இறங்கி, பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. பொலிஸ் வந்தபோது, சோதித்துப் பார்க்க நானா தானே எங்கிருந்தோ வயர் இழுத்தார், டெஸ்டர் வைக்காமல் கை வைத்துவிட்டார் என்று சொன்னார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ டீ கொண்டுபோன. வேற ஒன்னும் பாக்கல. வெளங்குதா?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. 

அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் கரண்டு இழுத்தது தெரிந்தால் உள்ளே போட்டுவிடுவார்கள், காணியையும் எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவர் சொன்ன பொய் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. நிசாருக்கு வயசாகிவிட்டது, கவனமில்லாமல் வேலை செய்திருக்கிறார் என்று சரிவு முழுவதும் பேசுகிறார்கள். அவர் வயரிங் செய்த வீட்டுக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். மூன்றாவது வீட்டுக்கார அம்மா, நானா போட்ட சுவிட்சைத் தொடவே பயமாக இருக்கிறது என்று தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார். கையில் எண்ணெய் பட்டிருந்தால்கூட சுவிட்சைத் தொட வேண்டாம் என்று அதே அம்மாவிடம் போகிற வருகிற நேரமெல்லாம் சொன்னவர் நானா. ஒரு வயரிங்காரருக்குப் பெயரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அந்தப் பெயரைத்தான் எங்கள் வீடு எடுத்துக்கொண்டது. ராத்தா என் கையைப் பிடித்துக் கேட்டதும் அதைத்தான்.

எங்களுக்கான கம்பம் புதன்கிழமை வந்து இறங்கியது. விசாரணை முடியும் வரை நட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தேயிலைக்கு நடுவில் அப்படியே படுத்துக் கிடக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குத் தோட்டத்து ஆபீஸில் விசாரணை. பக்கத்தில் நின்றது நான் மட்டும்தான் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். நானா தலையில் கட்டோடு படுத்திருந்தார். வலது கை முழுவதும் துணி சுற்றியிருந்தது. ராத்தா சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அம்மாவிடம், கம்பம் இறக்கிவிட்டார்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். பிறகு என்னைப் பார்த்தார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"அன்டைக்கு அங்க கரண்ட் கட்டா மகள்?"

"ஆமா நானா."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்ப நான்தான் பிழையாக் கேட்டீக்கி. கழட்டியாச்சான்டு கேட்டிருக்கணும்" என்றார்.

அதற்குள் ராத்தா வந்துவிட்டார். நானா அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ராத்தாவிடமும் சொல்லவில்லை என்று செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் ராத்தா என்னிடம் கேட்டிருக்க மாட்டார்.

நிசார் நானாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் சொன்ன அந்த வார்த்தைதான். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது. அதை வைத்துக்கொள்வேன். ஆனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா பக்கத்தில் நிற்கும்போது நாக்கு எழுமா என்று தெரியவில்லை. அதனால் நாளைக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதுகிறேன். பேச முடியாவிட்டால் தாளை நீட்டிவிடுவேன்.

வயரை இழுத்தவர் என் அப்பா. கழற்ற மறந்தவரும் அவர்தான். வயரின் மறுமுனையைப் பிடித்தது நான். நிசார் நானா டெஸ்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. அதோடு விடாமல் கேட்டார். லைன்ல இல்ல என்று பதில் சொன்னது நான். என் பெயர்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா என்றால் கூப்பிட்டுக்கொண்டே தட்டுவாள்.